டான்சிலில் வாழும் பாக்டீரியாவும் நம் எதிர்ப்புச் செல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டான்சில் என்றால் உள்நாக்குதானே?

இல்லை. உள்நாக்கு என்பது வாயைத் திறந்தால் நடுவில் தொங்கும் சிறு சதை. டான்சில் அதற்கு இரு பக்கமும், தொண்டையின் வாசலில், பாதாம் பருப்பு வடிவில் பதிந்திருக்கும் இரண்டு சதைகள். பாடநூலில் அடிநாக்குச் சதை என்று படித்திருப்போம். "உள்நாக்கு வளர்ந்திருக்கு" என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு, நாக்கின் அடிப்பகுதியில் உள்ள திசு ஆகியவற்றோடு சேர்ந்து இது தொண்டையைச் சுற்றி ஒரு வளையமாக அமைகிறது. ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் வால்டேயர் 1884-ல் விவரித்ததால் அவர் பெயரே வளையத்துக்கு நிலைத்துவிட்டது.

கழுத்தில் நெறி கட்டுகிறதே, அந்த நெறியும் டான்சிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா?

உறவுக்காரர்கள்தான். ஆனால் சரக்கு வந்து சேரும் வழி வேறு. கழுத்து நெறிக்கு, அதாவது நிணநீர்க் கணுவுக்கு, கிருமியும் அதன் துண்டுகளும் நிணநீர்க் குழாய் வழியாக வருகின்றன. டான்சிலுக்கு உள்ளே வரும் நிணநீர்க் குழாயே கிடையாது. வெளியேறும் குழாய் மட்டும் உண்டு. தொண்டை வழியாகப் போகும் காற்று, சோறு, எச்சில் எல்லாவற்றிலிருந்தும் அது நேரடியாக மாதிரி எடுத்துக்கொள்கிறது.

அதற்காகத்தான் டான்சிலின் மேற்பரப்பு பொந்து பொந்தாக இருக்கிறது. ஒரு டான்சிலில் 10 முதல் 30 பொந்துகள், ஒவ்வொன்றுக்கும் கிளைகள். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 300 சதுர சென்டிமீட்டர், பாதி ஏ4 தாள் அளவு வரும். பொந்தின் உட்சுவர் வெளிச்சுவர் போல இறுக்கமானதல்ல. அது சல்லடை மாதிரி நெகிழ்ந்திருக்கும். இடையிடையே எம் செல்கள் பாக்டீரியாவைப் பிடித்து உள்ளே தள்ளும், டென்ட்ரிடிக் செல்கள் கை நீட்டி வாங்கிக்கொள்ளும்.

ஆகவே டான்சிலில் பாக்டீரியா இருப்பது நோயல்ல. ஆரோக்கியமானவரின் டான்சில் பொந்திலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், நைசீரியா, பிரிவோடெல்லா, ஃபியூசோபாக்டீரியம், ஆக்டினோமைசிஸ் என்று ஒரு கூட்டமே குடியிருக்கும். அவற்றை உள்ளே விடுவதற்காகவே கட்டப்பட்ட உறுப்பு இது.

உள்ளே போன பாக்டீரியாவை வைத்து எதிர்ப்புச் செல்கள் என்ன செய்கின்றன?

டான்சிலில் உள்ள எதிர்ப்புச் செல்களில் பாதிக்கு மேல் பி செல்கள் (ஆன்டிபாடி என்ற, கிருமியைப் பிடிக்கும் புரதத்தை உண்டாக்குபவை), மீதியில் பெரும்பகுதி டி செல்கள். டென்ட்ரிடிக் செல் பாக்டீரியாவின் ஒரு துண்டை டி செல்லிடம் காட்டும். அந்தத் துண்டைப் பற்றிக்கொள்ளும் டி செல் பெருகும். அதில் ஒரு பிரிவு உதவி டி செல்லாக மாறி, பி செல்கள் குவிந்திருக்கும் முளைமையம் என்ற இடத்துக்கு நகரும். மனிதர்களில் இந்த வகை உதவி டி செல் 2000-ம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டதே டான்சிலில்தான்.

முளைமையத்தில் நடப்பது விசித்திரமான வேலை. பி செல், ஏஐடி என்ற நொதியைக் கொண்டு தன் ஆன்டிபாடி மரபணுவில் தானே எழுத்துப்பிழைகளைப் போட்டுக்கொள்கிறது. பிழைகளில் பல வீண். சில மட்டும் ஆன்டிபாடியின் பிடியை இறுக்கும். அப்படி மேம்பட்ட பி செல்லும் நேரே வேலைக்குப் போக முடியாது. உதவி டி செல்லிடம் போய் ஒப்புதல் வாங்க வேண்டும். சிடி40 வழியாக ஒரு தொடுகை, ஐஎல்-21 என்ற சைகைப் புரதம், இவை கிடைத்தால் பிழைக்கும், கிடைக்காதது செத்துப்போகும். தேறியவை நினைவுச் செல்லாகவோ, ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்லாகவோ ஆகின்றன. டான்சிலில் சுரப்பது பெரும்பாலும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகை, அடுத்தபடி ஐஜிஏ.

இந்த ஒப்புதல் தரும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தொல்லைகளில் பல, பாக்டீரியா இந்த ஒப்புதல் மேசையில் கைவைப்பதால் வருபவை.

ஸ்ட்ரெப் தொண்டை என்கிறார்களே, அந்த பாக்டீரியா செல்களை எப்படி ஏமாற்றுகிறது?

குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (முழுப்பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ்) மனிதனை மட்டுமே நம்பி வாழ்வது. அதனால் மனித எதிர்ப்புச் செல்களைத் துல்லியமாக அறிந்து வைத்திருக்கிறது. மூன்று முனையில் தாக்குகிறது.

முதலில் நியூட்ரோஃபில்கள், அதாவது கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்கள். தொற்று நடந்த இடத்துக்கு இவற்றை அழைப்பவை ஐஎல்-8, சி5ஏ என்ற இரண்டு சைகைகள். ஸ்ட்ரெப் இரண்டுக்கும் தனித்தனிக் கத்தரி வைத்திருக்கிறது: ஸ்பைசெப் நொதி ஐஎல்-8-ஐ வெட்டும், சி5ஏ பெப்டிடேஸ் மற்றதை வெட்டும். அழைப்பை மீறி வந்த நியூட்ரோஃபில் தன் டிஎன்ஏவையே வலையாக வீசிப் பிடிக்கப் பார்த்தால், டிஎன்ஏஸ் நொதியால் வலையைக் கரைத்துவிடும். கிட்டே வந்தவற்றின் சவ்வில் ஸ்ட்ரெப்டோலைசின் ஓட்டை போடும்.

இரண்டாவது ஆன்டிபாடி. ஐடெஸ் என்ற நொதி ஐஜிஜியைக் கீல் பகுதியில் துண்டாக்குகிறது. கை பாக்டீரியாவைப் பிடித்திருக்கும். ஆனால் பின்னால் இருந்து விழுங்கும் செல்லைக் கூப்பிடும் வால் போயிருக்கும். மேலே எம் புரதம் என்ற உறை வேறு. அதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள். ஒரு வகைக்கு எதிர்ப்பு வந்தாலும் அடுத்த வகை பெரும்பாலும் புது ஆள்தான்.

மூன்றாவது சூப்பர்ஆன்டிஜென். சாதாரணக் கிருமித் துண்டு ஒன்றுக்கு 10,000 முதல் ஒரு லட்சம் டி செல்லில் ஒன்றுதான் பதில் சொல்லும். ஸ்பிஏ போன்ற சூப்பர்ஆன்டிஜென், டி செல்லையும் எதிரே நிற்கும் செல்லில் துண்டை ஏந்திக் காட்டும் ஹெச்எல்ஏ மூலக்கூறையும் பக்கவாட்டில் ஒட்டிவிடுகிறது. எந்தத் துண்டு காட்டப்படுகிறது என்ற கேள்விக்கே இடமில்லாமல், டி செல்களில் ஐந்தில் ஒன்று வரைகூட ஒரே நேரத்தில் கிளர்ந்தெழும். ஊரெல்லாம் கூச்சல், திருடனை மட்டும் யாரும் பார்க்கவில்லை. மனித ஹெச்எல்ஏ மரபணு புகுத்திய எலிகளில் செய்த சோதனையில், ஸ்பிஏ சுரக்கும் ஸ்ட்ரெப்தான் மூக்கு-தொண்டைப் பகுதியில் நன்றாக வேர்பிடித்தது. அதாவது இந்தக் கூச்சல் பாக்டீரியாவுக்கு லாபம்.

ஒரே வீட்டில் ஒரு குழந்தைக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. எதிர்ப்பு சக்தி குறைவா?

பொதுவாக உடம்பு பலவீனம் என்று சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு மற்ற நோய்கள் அதிகம் வருவதில்லை; ஸ்ட்ரெப் மட்டும் வரும். அமெரிக்காவில் சான் டியாகோ பகுதியில் உள்ள லா ஹோயா எதிர்ப்பியல் நிறுவனத்தினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தந்தது. அடிக்கடி டான்சில் அழற்சி வந்து எடுக்கப்பட்ட டான்சில்களையும், குறட்டை, தூக்கத்தில் மூச்சுத்திணறல் காரணமாக எடுக்கப்பட்ட டான்சில்களையும் ஒப்பிட்டார்கள்.

அழற்சி உள்ளவர்களின் முளைமையங்கள் சிறியவை. உதவி டி செல்கள் குறைவு. ஸ்பிஏவுக்கு எதிரான ஆன்டிபாடியும் குறைவு. அதைவிட வியப்பு, அவர்களது உதவி டி செல்களில் சில, ஸ்பிஏ பட்டதும் கிரான்சைம் பி, பெர்ஃபோரின் என்ற கொல்லும் புரதங்களைத் தயாரித்தன. ஒப்புதல் தர வேண்டிய மேசைக்காரரே, வரிசையில் நிற்கும் பி செல்லைக் கொல்கிறார். பிறகு ஆன்டிபாடி எங்கிருந்து வரும்? குடும்பத்தில் டான்சில் எடுத்தவர்கள் இருப்பதும், சில ஹெச்எல்ஏ வகைகள் கூடுதலாகக் காணப்பட்டதும் பரம்பரைச் சாய்வைக் காட்டின. "ஐஸ்கிரீம் தின்றதால்தான்" என்று குழந்தையைத் திட்டுவதில் பொருளில்லை.

ஸ்ட்ரெப் தவிர மற்ற பாக்டீரியாக்கள்?

மொராக்செல்லா கட்டாராலிஸ் பி செல்லின் மேல் உள்ள ஐஜிடி என்ற கொக்கியையே பிடித்து இழுக்கும். அதன் எம்ஐடி புரதம், எந்தக் கிருமிக்கானது என்று பாராமல் பி செல்களைக் கூட்டமாகக் கிளப்பிவிடுகிறது. விளைவு, மொராக்செல்லாவைக் குறிவைக்காத பயனற்ற ஆன்டிபாடி. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தன் புரதம் ஏ-வால் ஐஜிஜியின் வாலைப் பிடித்துத் தலைகீழாக மாட்டிக்கொள்கிறது. செல்களுக்குள் ஒளிந்தும் வாழ்கிறது. ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே அடினாய்டு திசுவில், விழுங்க வந்த மேக்ரோஃபேஜுக்குள்ளேயே உயிரோடு காணப்பட்டிருக்கிறது.

பென்சிலினுக்கு ஸ்ட்ரெப் அடங்கும் என்கிறார்கள். பிறகு ஏன் மருந்து நிறுத்தியதும் திரும்ப வருகிறது?

நோயாளிகளிடமிருந்து எடுத்த குரூப் ஏ ஸ்ட்ரெப் எதுவும் பென்சிலினை முழுமையாக எதிர்த்ததாக இதுவரை இல்லை என்பது உண்மைதான். தோல்விக்குக் காரணங்கள் வேறு.

முதல் காரணம் நாள் கணக்கு. பென்சிலின் வி மாத்திரை 27 கிலோவுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 250 மி.கி., அதற்கு மேல் 500 மி.கி., நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை. இல்லையென்றால் அமாக்சிசிலின் கிலோவுக்கு 50 மி.கி. வீதம், நாளுக்கு 1,000 மி.கி.யைத் தாண்டாமல். எதுவானாலும் 10 நாள். காய்ச்சல் மூன்றாம் நாளே போய்விடும், பாக்டீரியா போகாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூன்று நாள் அசித்ரோமைசின் பழக்கம் இங்கே மிக மோசமான தேர்வு, ஏனென்றால் அந்த வகை மருந்துக்குத்தான் ஸ்ட்ரெப் எதிர்ப்பை வளர்த்துக்கொள்கிறது. பென்சிலின் ஒவ்வாமை உறுதியானவர்களுக்கு வேறு மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

அடுத்தது அக்கம்பக்கம். ஸ்டஃபைலோகாக்கஸ், மொராக்செல்லா, ஹீமோஃபிலஸ் ஆகியவற்றில் பல, பென்சிலினை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியை வெளியே விடுகின்றன. அந்த நிழலில் ஸ்ட்ரெப் தப்பிக்கிறது. பொந்துக்குள் பாக்டீரியாக்கள் சேர்ந்து கட்டும் பிசின் படலம் மூன்றாவது. படலத்தின் அடியில் உள்ளவை மெதுவாகப் பெருகுகின்றன. பென்சிலினோ, தன் சுவரைக் கட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைத்தான் கொல்லும். மேற்பரப்புச் செல்களுக்குள் நுழைந்துகொண்ட பாக்டீரியாவை இம்மருந்து எட்டுவதும் அரிது.

இன்னொன்றும் உண்டு: திரும்ப வந்தது ஸ்ட்ரெப்பே இல்லாமலிருக்கலாம். பள்ளிக் குழந்தைகளில் சுமார் 10-ல் ஒருவர் நோயில்லாமல் ஸ்ட்ரெப்பைச் சுமப்பவர். அவருக்குச் சளி வைரஸ் வந்து தொண்டை வலிக்கும்போது எடுத்துப் பார்த்தாலும் ஸ்ட்ரெப் தெரியும்.

தொண்டைச் சளி மாதிரி எடுக்கும்போது என்ன தவறுகள் நடக்கின்றன?

முதலில், யாருக்கு எடுக்க வேண்டும் என்பது. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், இருமல் இல்லாமை, கழுத்தின் முன்பக்க நெறி தொட்டால் வலி, டான்சிலில் வீக்கம் அல்லது வெள்ளைப் படிவு, 3 முதல் 14 வயது: இவை சேரச் சேர ஸ்ட்ரெப்பின் வாய்ப்பு கூடும். மூக்கு ஒழுகல், இருமல், கண் சிவப்பு இருந்தால் வைரஸ்தான், மாதிரியே வேண்டாம்.

பஞ்சுக்குச்சி இரண்டு டான்சிலையும், பின் தொண்டைச் சுவரையும் உரச வேண்டும். குழந்தை குமட்டும் என்று பயந்து நாக்கிலும் கன்னத்திலும் தொட்டு எடுத்தால் எச்சில் பாக்டீரியாதான் வளரும். ஆன்டிபயாடிக் ஒரு வேளை உள்ளே போன பிறகு எடுத்தாலும் பலன் குறையும். ஆய்வகத்தில் 5 சதவீதம் ஆட்டு ரத்தம் கலந்த அகார் என்ற வளர்ப்புக் கூழில் 35 முதல் 37 டிகிரியில் வைத்து, 18–24 மணி நேரத்தில் பார்த்து, இல்லையென்றால் 48 மணி நேரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் பார்வையை விட்டுவிட்டு "வளரவில்லை" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. 400 என்று வந்திருக்கிறது. பென்சிலின் ஊசி போட வேண்டுமா?

அந்த எண்ணை மட்டும் வைத்து, வேண்டாம். ஏ.எஸ்.ஓ. என்பது ஸ்ட்ரெப்டோலைசின் ஓ-வுக்கு எதிராக பி செல்கள் உண்டாக்கிய ஆன்டிபாடியின் அளவு. தொற்று வந்து ஒரு வாரத்தில் ஏறத் தொடங்கி, 3 முதல் 6 வாரத்தில் உச்சம் தொட்டு, மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். அது நடந்து முடிந்ததன் தடயம்; இப்போது தொண்டையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. பெரியவர்களுக்கு 200 என்ற எல்லையைப் பள்ளிக் குழந்தைக்குப் பொருத்துவதும் தவறு. அந்த வயதில் இயல்பாகவே அதிகம் இருக்கும். இரண்டு வார இடைவெளியில் எண் ஏறுகிறதா என்று பார்ப்பதே பயன் தரும். கால்வலி என்று வந்த குழந்தைக்கு இந்த ஒரு எண்ணைப் பார்த்து ஆண்டுக்கணக்கில் பென்சிலின் ஊசி போடப்படுவது வருத்தமான வழக்கம்.

தொண்டையில் வந்தது இதயத்துக்கு எப்படிப் போகிறது?

பெரும்பாலும் பாக்டீரியா போவதில்லை. அதைத் துரத்தக் கற்ற செல்களும் ஆன்டிபாடியும் போகின்றன. எம் புரதத்தின் சில பகுதிகள் இதயத் தசையின் மயோசினைப் போலிருக்கும். ஸ்ட்ரெப்பின் சர்க்கரை உறைக்கும் வால்வுத் திசுவுக்கும் ஒற்றுமை உண்டு. முளைமையத்தில் தேறி வந்த ஆன்டிபாடி வால்வின் உட்பூச்சில் ஒட்டுகிறது, பின்னால் டி செல்கள் நுழைகின்றன. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். இந்தியாவில் இளம் வயதில் மைட்ரல் வால்வு சுருங்குவதற்கு முக்கியக் காரணம் இன்றும் இதுதான்.

இதில் நமக்குச் சாதகமான ஒன்று கால அவகாசம். தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் பென்சிலின் தொடங்கினால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். மாத்திரை 10 நாள் உறுதியாகப் போகாது என்று தெரிந்தால் பென்சத்தீன் பென்சிலின் ஒரே ஊசி: 27 கிலோவுக்குக் கீழ் 6 லட்சம் யூனிட், மேல் 12 லட்சம். ருமாட்டிக் காய்ச்சல் ஏற்கெனவே வந்தவருக்கு இதே ஊசி 3 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில்.

சிறுநீரகமும் தோலும் ஏன் பாதிக்கப்படுகின்றன?

சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால், தொண்டை வலி வந்து எத்தனை நாள் என்று எண்ணுங்கள். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து என்றால் ஸ்ட்ரெப்புக்குப் பிந்தைய சிறுநீரக அழற்சியாக இருக்க வாய்ப்பு. குழந்தைகளில் பெரும்பாலும் தானே சரியாகும். தொண்டை வலியோடு, ஓரிரு நாளிலேயே என்றால் ஐஜிஏ நெஃப்ரோபதியைச் சந்தேகிக்க வேண்டும். இது நீண்டகால நோய். இதில் கேலக்டோஸ் சர்க்கரை குறைந்த ஐஜிஏ1 சிறுநீரக வடிகட்டியில் படிகிறது, அதை உண்டாக்கும் பி செல்களில் ஒரு பங்கு டான்சிலில் இருந்து வருவதாகக் கருதப்படுகிறது. ஜப்பானில் இதற்காக டான்சிலை எடுத்து ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள். சிறுநீரக நோய்களுக்கான கேடிகோ அமைப்பு 2021-ல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி, ஐரோப்பிய வம்சாவளியினருக்கு இந்நோய்க்கென்று டான்சிலை எடுக்க வேண்டாம் என்றது.

தோலில் வருவது துளித்துளியான சோரியாசிஸ். ஸ்ட்ரெப் தொண்டைக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து, உடம்பெங்கும் மழைத்துளி தெறித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள். டான்சிலில் எம் புரதத்தைக் கற்ற டி செல், தோலுக்குப் போகும் முகவரிச் சீட்டையும் (சிஎல்ஏ) ஒட்டிக்கொண்டு கிளம்புகிறது. அங்கே தோலின் கெரட்டின் 17 என்ற புரதத்தைப் பார்த்து அதே எதிரி என்று நினைத்துக்கொள்கிறது.

நல்ல பாக்டீரியா ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாலிவேரியஸ் பிறந்த சில நாளிலேயே வாயில் குடியேறும். அதன் சாலிவாரிசின் என்ற சிறு புரதங்கள் குரூப் ஏ ஸ்ட்ரெப்பைக் கொல்பவை. 2022-ல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டது இன்னும் ஒரு படி மேலே: இதே சாலிவாரிசின்கள் டி செல்லின் ஐஎல்-6, ஐஎல்-21 ஏற்பிகளில் ஒட்டி அவற்றின் வடிவத்தை மாற்றி, உதவி டி செல்கள் அளவுமீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்கின்றன. அடுத்து 2024-ல், முடக்குவாதம் உள்ளவர்களின் டான்சிலில் சாலிவேரியஸ் குறைந்தும், பயோஜெனஸ் போன்றவை கூடியும் இருந்ததைக் காட்டினார்கள். மூட்டழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்குச் சாலிவேரியஸ் கொடுத்தபோது நோய் தணிந்தது. எலியில் நடந்தது மனிதனுக்கு மருந்தாகிவிடாது.

நியூசிலாந்தில் கண்டெடுக்கப்பட்ட கே12 என்ற வகை, சப்பும் மாத்திரையாக விற்கப்படுகிறது. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பென்சிலின் இதையும் கொல்லும். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துச் சப்பினால் காசுதான் வீண். படுக்கும் முன், பல் தேய்த்த பிறகு, மெதுவாகக் கரைய விட வேண்டும். விழுங்கினால் தொண்டையில் தங்காது.

டான்சிலில் வெள்ளைக் கல், வாய் நாற்றம். இதுவும் தொற்றா?

இல்லை. பொந்தில் தங்கிய செத்த செல், உணவுத் துணுக்கு, ஆக்டினோமைசிஸ் போன்ற பாக்டீரியா சேர்ந்து சுண்ணாம்பு ஏறியது. நாற்றம் கந்தக வாயுவால். அரை டீஸ்பூன் உப்பு கலந்த ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கொப்பளித்தால் பல கற்கள் உதிரும். ஊக்கு, ஹேர்பின் வைத்து நோண்டக் கூடாது. அடியில் ரத்தக்குழாய் இருக்கிறது. ஆன்டிபயாடிக் தேவையில்லை.

டான்சிலை எடுத்துவிட்டால் எதிர்ப்பு சக்தி போய்விடுமா?

போய்விடாது, கொஞ்சம் குறையும், மற்ற திசுக்கள் ஈடுசெய்யும். 1971-ல் வெளியான ஒரு ஆய்வில், போலியோ சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டை எடுத்த பிறகு மூக்கு-தொண்டையில் போலியோவுக்கான ஐஜிஏ தெளிவாகக் குறைந்தது. ஆகவே டான்சில் சும்மா இருக்கும் சதை அல்ல. ஆனால் மேலே சொன்னபடி முளைமையமே திரிந்துபோன டான்சிலை வைத்திருப்பதில் லாபமும் இல்லை.

டான்சிலை எடுப்பதற்கான அளவுகோல் இது: தொண்டை அழற்சி ஓராண்டில் 7 முறை, அல்லது இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 முறை. ஒவ்வொரு முறையும் 38.3 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்து நெறி, டான்சிலில் படிவு, ஸ்ட்ரெப் உறுதி ஆகியவற்றில் ஒன்றாவது மருத்துவச் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். "மாசா மாசம் வருது டாக்டர்" என்பது கணக்கில் சேராது. அறுவைக்குப் பிறகு பள்ளத்தில் வெள்ளைப் படலம் தெரிவது சீழ் அல்ல, ஆறும் புண். ரத்தம் வந்தால், குறிப்பாக 5 முதல் 10-ம் நாளுக்குள், அளவு குறைவென்று பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறுவை பேச்சே இல்லாதவர்களுக்கும் அவசர அறிகுறிகள் உண்டு: வாயைத் திறக்க முடியாமல் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, குரல் மாறி, எச்சில் வழிவது டான்சிலைச் சுற்றிய சீழ்க்கட்டி. இளைஞர்களுக்குத் தொண்டை வலி குறையும் நேரத்தில் குளிர்க் காய்ச்சலும் கழுத்தின் ஒரு பக்க வலியும் வந்தால், ஃபியூசோபாக்டீரியம் கழுத்துச் சிரையில் உறைகட்டி உண்டாக்கியிருக்கலாம். சாம்பல் நிறத் தோல் போர்த்தியது போலிருந்து, உரித்தால் ரத்தம் வந்தால் தொண்டை அடைப்பான்.

எடுத்த டான்சிலை ஆய்வகங்கள் ஏன் கேட்டு வாங்குகின்றன?

உயிருள்ள மனித முளைமையத்தைப் பார்க்க வேறு எளிய வழி இல்லை. அறுவை அரங்கிலிருந்து குளிர்ந்த திரவத்தில் வரும் டான்சிலில், சூட்டுக்கருவியால் கருகிய விளிம்பையும் ரத்தக்கட்டியையும் வெட்டி எறிந்து, துண்டாக்கி, 70 அல்லது 100 மைக்ரான் சல்லடையில் தேய்த்துச் செல்களைப் பிரிக்கிறார்கள். பொந்திலிருந்து வரும் பாக்டீரியாதான் பெரிய தொல்லை. கழுவும் திரவத்தில் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சைக்கொல்லியும் இல்லாவிட்டால் இரண்டாம் நாளே செல் வளர்ப்புத் தட்டு கலங்கிவிடும். 2021-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் டேவிஸ் குழு, பிரித்த டான்சில் செல்களைத் துளைச்சவ்வின் மேல் அடர்த்தியாக வைத்து, அவை மறுபடியும் முளைமையம் போலக் கூடி, தடுப்பூசி ஆன்டிஜெனுக்கு ஆன்டிபாடி உண்டாக்குவதைக் காட்டியது.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. ஆய்வகத்துக்கு வரும் எந்த டான்சிலும் முழு ஆரோக்கியமானவருடையது அல்ல. "ஒப்பீட்டு" டான்சில் என்று வைப்பதும் குறட்டைவிடும் குழந்தையின் பெருத்த டான்சில்தான். தூக்க மூச்சுத்திணறலுக்காக எடுத்த டான்சிலிலும் பொந்து நிறைய பாக்டீரியா இருக்கும். ஆகவே "நோயாளியில் கூடியது, மற்றவரில் குறைந்தது" என்று படிக்கும்போது, அந்த மற்றவர் யார் என்று முதலில் பாருங்கள்.